பெட்ரோல் நிலையத்தில் ஒரு முகம்: யோஹன்னா டெர் ஸ்டேக

தெற்கு பிரான்ஸின் நெடுஞ்சாலை ஒன்றில் ஒரு பெட்ரோல் நிலையம். கோடை விடுமுறைக்காகக் காரில் கிளம்பி வந்த இளம் டச்சுக் காதலர்கள் அங்கே வண்டியை நிறுத்துகிறார்கள். சற்று முன்புதான் அவர்களுக்குள் கடுமையான சண்டை நடந்து, அதே வேகத்தில் சமாதானமும் ஆகியிருக்கிறது. அவள் இரண்டு நாணயங்களை ஒரு மரத்தடியில் புதைக்கச் சொல்கிறாள். என்னை இனி ஒருபோதும் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்குகிறாள். பிறகு குடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சிரித்தபடி கடைக்குள் போகிறாள். அவள் திரும்பி வருவதில்லை.

1988இல் வெளிவந்த ‘ஸ்போர்லோஸ்’ என்ற டச்சுப் படத்தின் தொடக்கம் இது. ‘தடயமின்றி’ என்பது அச்சொல்லின் பொருள். உலகின் பிற பகுதிகளில் ‘தி வேனிஷிங்’ என்ற பெயரில் அறியப்பட்ட படம். முதன்முறை பார்த்தபோது, அடுத்த ஒன்றரை மணி நேரமும் என் கண் திரையின் ஓரங்களில் அவளையே தேடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் தேடுகிறான் என்பதற்காக நான் தேடவில்லை. எனக்கே அவள் வேண்டியிருந்தாள். ஏறத்தாழக் கால்மணி நேரமே திரையில் இருந்த ஒருத்தி எப்படி அவ்வளவு ஆழமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள் என்ற கேள்விதான் என்னை யோஹன்னா டெர் ஸ்டேக என்ற நடிகையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் பிறகு, கிடைத்த அவருடைய படங்களையெல்லாம் பார்த்துவருகிறேன். உலக சினிமா பேசுகிறவர்கள் அவர் பெயரை உச்சரிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தகவலுக்காகத்தான்: அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் எடுக்காமல் விட்ட ஒரு படத்தின் நாயகி அவர். ஒரு கலைஞரை இன்னொருவருடைய வாழ்க்கை வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருக்குவது பெரும் அநியாயம் என்பதால் இதை எழுதுகிறேன்.

யோஹன்னா 1961ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் வீர்டன் என்ற ஊரில் பிறந்தார். நெதர்லாந்தின் கிழக்கே, ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய ஓவரைசல் மாகாணத்தில், ட்வென்டே என்று அழைக்கப்படும் வட்டாரத்தில் இருக்கிறது வீர்டன். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களோ கலைக் கூடங்களோ அங்கே இல்லை. பண்ணைகளும், ஒரு காலத்தில் ஓகோவென்று நடந்து பின்னர் நொடித்துப்போன துணி ஆலைகளும், தனக்கென்று ஒரு பேச்சுவழக்கும் உள்ள நிலம் அது. நாட்டின் மேற்கே இருப்பவர்கள் கிழக்கத்தியரை நாட்டுப்புறத்தார் என்று பார்க்கும் வழக்கம் நெதர்லாந்திலும் உண்டு. இந்தப் பின்னணியை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. யோஹன்னாவின் முகத்தில் நகரத்து நடிகையரிடம் காணப்படும் மெருகு கிடையாது. அகன்ற நெற்றி, வெளிறிய கண்கள், சட்டென்று விரியும் வாய். உள்ளே தோன்றுவதை ஒளித்துவைக்கத் தெரியாத முகம் போலவே அது தோன்றும். அப்படித் தோன்றச் செய்வதுதான் அவருடைய தேர்ச்சி என்பது இரண்டு மூன்று படங்கள் பார்த்த பிறகே புரிகிறது.

‘ஸ்போர்லோஸ்’ படத்தை இயக்கியவர் ஜார்ஜ் ஸ்லாய்சர். 1984இல் வெளியான டிம் கிராபேயின் ‘பொன் முட்டை’ என்ற குறுநாவல்தான் அதற்கு மூலம். நாயகி சாஸ்கியா ஒரு கனவைச் சொல்கிறாள்: ஒரு பொன் முட்டைக்குள் அடைபட்டு, தன்னந்தனியே வெட்டவெளியில் மிதந்துகொண்டிருக்கிறாள், வெளியே வர முடியவில்லை, இந்த முறை இன்னொரு முட்டையும் மிதந்து வருகிறது. இப்படியொரு வசனத்தைச் சற்றுப் பிசகிச் சொன்னாலும் எழுத்தாளரின் குறியீடு என்று துருத்திக்கொண்டு நிற்கும். யோஹன்னா அதைக் காரில் போகும்போது மனத்தில் வந்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் சாதாரணத்தோடு சொல்கிறார். பாதி பயம், பாதி விளையாட்டு. அதன் கனம் படம் முடியும்போதுதான் நம்மேல் இறங்குகிறது.

அடுத்து வருவது சுரங்கப்பாதை. நடுவழியில் பெட்ரோல் தீர்ந்து கார் நின்றுவிடுகிறது. பின்னால் எந்நேரமும் லாரி வந்து மோதக்கூடும். அவள் பதறிப்போய் டார்ச் விளக்கைத் தேடுகிறாள். காதலன் ரெக்ஸ் அவள் பதற்றத்தைப் பொருட்படுத்தாமல், அவள் கூப்பிடக் கூப்பிட, இருட்டில் அவளை விட்டுவிட்டுப் பெட்ரோல் வாங்க நடக்கிறான். திரும்பி வரும்போது காரில் அவள் இல்லை. சுரங்கத்தின் மறுமுனையில் வெளிச்சத்தில் நிற்கிறாள். இங்கே யோஹன்னா சாஸ்கியாவை ஒரு தேவதையாக நடிக்கவில்லை என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவளுக்குக் கோபம் வருகிறது, பிடிவாதம் இருக்கிறது, குழந்தைத்தனமும் இருக்கிறது, மன்னித்த பிறகும் மனத்தில் ஒரு சிறு தழும்பு மிஞ்சுகிறது. காணாமற்போன ஒரு பெண்ணைப் பற்றிய படத்தில் அவளைக் குறையில்லாத அழகியாக மட்டும் காட்டியிருந்தால், நாம் அனுதாபப்பட்டிருப்போம், அவ்வளவுதான். யோஹன்னா குறைகளோடு ஒருத்தியைக் காட்டியதால் நாம் அவளை இழக்கிறோம்.

படத்தின் பிற்பகுதியில் அதே பெட்ரோல் நிலையம் இன்னொரு கோணத்தில் திரும்ப வருகிறது. கடத்தல்காரனான ரேமோன் லெமோர்னை அவள் எதேச்சையாகச் சந்திக்கும் காட்சி அது. பெர்னார்-பியர் தொனாதியு நடித்த அந்தப் பாத்திரம் ஒரு வேதியியல் ஆசிரியர், நல்ல குடும்பத் தலைவர். பானம் எடுக்கும் இயந்திரத்துக்குச் சில்லறை வேண்டி அவரிடம் பேச்சுக் கொடுக்கும் சாஸ்கியா, தனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சு மொழியைப் பழகிப் பார்க்கும் உற்சாகத்தில் இருக்கிறாள். அவர் கையில் ‘ஆர்’ என்ற எழுத்து பொறித்த சாவிக்கொத்தைக் கண்டதும் ரெக்ஸுக்கு அதைப் போல ஒன்று வாங்க ஆசைப்படுகிறாள். கார்க் கதவருகே ஒரு நொடி தயங்குகிறாள். அந்த ஒரு நொடித் தயக்கத்தைப் பலமுறை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். முகத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு நிழல் வந்து போகிறது. நம்பலாமா என்று எண்ணி, நம்பலாம் என்று முடிவெடுக்கும் மனிதர் எவருக்கும் வருகிற நிழல்.

படம் வந்த 1988ஆம் ஆண்டு நவம்பரில், அன்றைய மேற்கு பெர்லினில் ஐரோப்பியத் திரைப்பட விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, சிறந்த துணை நடிகைக்கான விருது யோஹன்னாவுக்குக் கிடைத்தது. முதல் படம், அதிலும் சில நிமிடங்களே திரையில். நெதர்லாந்து இப்படத்தை ஆஸ்கருக்கு அனுப்பியது. ஆனால், வசனங்களில் பிரெஞ்சு அளவுக்கு மீறி இருக்கிறது என்று காரணம் காட்டி அங்கே அதைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள். 1993இல் ஸ்லாய்சரே ஹாலிவுட்டில் இதைத் திரும்ப எடுத்தார். யோஹன்னா செய்த பாத்திரத்தில் சான்ட்ரா புல்லக் நடித்தார், முடிவும் மாற்றப்பட்டது. அந்த மறு ஆக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. முடிவை மாற்றியதால் மட்டும் அது பலவீனமாகவில்லை. தொடக்கத்தில் அந்தப் பெண்ணை நாம் போதுமான அளவு அறிந்துகொள்ளவே இல்லை என்பதுதான் என் எண்ணம்.

அடுத்த நான்கு ஆண்டுகள் சினிமாவின் பெரிய கைகள் அவரைத் தேடி வந்தன. 1990இல் இயக்குநர் ராபர்ட் ஆல்ட்மன் ‘வின்சென்ட் அண்ட் தியோ’ படத்தில் அவருக்கு யோ போங்கர் பாத்திரத்தைத் தந்தார். ஓவியர் வான்கோவின் தம்பி தியோவை மணந்தவர் யோ. வின்சென்ட் இறந்த ஆறு மாதத்தில் தியோவும் இறந்துபோக, 28 வயதில் கைக்குழந்தையோடும், யாரும் விலைபேசாத நூற்றுக்கணக்கான ஓவியங்களோடும் நின்றவர். அவற்றைக் காப்பாற்றியதும், கடிதங்களைத் தொகுத்து 1914இல் வெளியிட்டதும் அவரே. வான்கோவை உலகம் அறிந்ததில் அவர் பங்கு மிகப் பெரிது. படம் அண்ணன் தம்பியைப் பற்றியது என்பதால் யோவுக்கு இடம் குறைவு. ஆயினும், நோயும் கடனும் அண்ணனைப் பற்றிய கவலையும் கணவனை அரித்துக்கொண்டிருக்கும் வீட்டில் ஒருத்தி எப்படி உறுதியாகக் காலூன்றி நிற்கிறாள் என்பதை யோஹன்னா காட்டிவிடுகிறார்.

1991இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிலிப் காரெலின் ‘இனி கிட்டார் கேட்பதில்லை’ வந்தது. காரெல் பல ஆண்டுகள் வாழ்ந்து பிரிந்த பாடகி நிக்கோ, 1988இல் இபிசா தீவில் சைக்கிளில் போகும்போது விழுந்து இறந்துபோனார். அந்த இழப்பிலிருந்து பிறந்த படத்தில், நிக்கோவின் நிழலான மரியானாக யோஹன்னா வருகிறார். காரெலின் முறை மிகவும் சிக்கனமானது. ஆண்டுகள் ஒரு வெட்டில் கடந்துபோகும், நடந்தது என்னவென்று யாரும் விளக்கமாட்டார்கள். மரியானின் சாவையும் நாம் பார்ப்பதில்லை. செய்தியாகத்தான் வந்து சேர்கிறது. இங்கும் அவர் இல்லாத காட்சிகளில் அவருடைய கனம் இருக்கிறது. வெனிஸ் விழாவில் இப்படம் வெள்ளிச் சிங்கம் பெற்றது.

ஆனால் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு எது என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது ஹங்கேரிய இயக்குநர் இஸ்த்வான் சாபோவின் ‘இனிய எம்மா, அன்பு போபே’ என்ற 1992ஆம் ஆண்டுப் படத்தை. சாபோவின் முந்தைய படமான ‘மீட்டிங் வீனஸ்’ஸில் ஒரு சிறு பாத்திரம் செய்தவரை அவரே அடுத்ததில் நாயகியாக்கினார். கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகான புடாபெஸ்ட். பள்ளிகளில் கட்டாயப் பாடமாக இருந்த ரஷ்ய மொழி ஒரே இரவில் வேண்டாததாகிவிட்டது. கிராமத்திலிருந்து வந்து ரஷ்யன் கற்பித்துவந்த இரண்டு இளம் ஆசிரியைகள், எம்மாவும் போபேயும், ஆசிரியர் விடுதியின் சிறிய அறையொன்றைப் பகிர்ந்துகொண்டு, மாலைகளில் ஆங்கிலம் கற்கிறார்கள். இன்று கற்றதை நாளை மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். வருமானம் போதாமல் எம்மா வீடுகளில் துப்புரவு வேலையும் செய்கிறாள். திருமணமான தலைமையாசிரியர் மீது அவளுக்கு இருக்கும் காதலுக்கு வழியும் இல்லை, முடிவும் இல்லை.

ஒரு நாட்டின் வரலாறு திரும்பும்போது, அதன் திருப்பத்தில் நசுங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரிய குற்றவாளிகள் அல்லர். சொன்ன வேலையைச் செய்துவந்த இப்படிப்பட்ட ஆசிரியைகள்தாம். இதைப் பேச்சில் சொல்லாமல், நடக்கும் நடையில், பேருந்துக்கு ஓடும் ஓட்டத்தில், வகுப்பறையில் ஒரு மொழியை இழந்து இன்னொன்றைப் பற்றிக்கொள்ளத் தடுமாறும் வாயில் யோஹன்னா காட்டுகிறார். ஒரு டச்சுக்காரர் ஹங்கேரியப் பெண்ணாக நடித்தார் என்பதை, தெரிந்தே பார்த்தும், பத்து நிமிடத்தில் மறந்துவிட்டேன். நிர்வாணமாக ஒரு சரிவில் சறுக்கி விழுந்துகொண்டே இருக்கும் கனவு அவளைத் துரத்துகிறது. கடைசியில் அவளைச் சுரங்க நடைபாதையில் செய்தித்தாளின் பெயரைக் கூவி விற்பவளாகப் பார்க்கிறோம். அந்தக் கூவலில் அழுகை இல்லை. குரல் மட்டும் மேலே மேலே போகிறது. பெர்லின் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசாக வெள்ளிக் கரடியை இப்படம் பெற்றது. யோஹன்னாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இந்த இடத்தில்தான் குப்ரிக் வருகிறார். யூதப் பேரழிவைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். 1991இல் வெளியான லூயிஸ் பெக்லியின் ‘போர்க்காலப் பொய்கள்’ நாவல் அதற்கு வழி காட்டியது. பெக்லி 1933இல் போலந்தில் பிறந்து, சிறுவனாக இருந்தபோது யூத அடையாளத்தை மறைக்கும் போலி ஆவணங்களின் துணையால் பிழைத்தவர். நாவலில் மாசியெக் என்ற சிறுவனும் அவனைத் தாய் போலப் பேணும், தாயின் சகோதரி தானியாவும் கத்தோலிக்கர்களாக வேடம் பூண்டு, ஊர் ஊராக, வீடு வீடாகத் தப்பிச் செல்கிறார்கள். குப்ரிக் தன் படத்துக்கு வைத்த பெயர் ‘ஆரியன் பேப்பர்ஸ்’. சிறுவனுக்கு ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் நடித்த ஜோசப் மாசெல்லோ. தானியாவுக்கு, ஹாலிவுட்டின் புகழ்பெற்ற பெயர்கள் பேசப்பட்ட பிறகு, யோஹன்னா டெர் ஸ்டேக.

ஏன் அவர்? ‘ஸ்போர்லோஸ்’ தான் பார்த்ததிலேயே மிகவும் அச்சமூட்டும் படம் என்று குப்ரிக் தன்னிடம் கூறியதாக ஸ்லாய்சர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் கண்ணில் யோஹன்னா பட்டிருப்பது இயல்பே. ஆனால் நான் வேறொரு காரணத்தையும் நினைத்துக்கொள்கிறேன். தானியா நாள் முழுதும் நடிக்க வேண்டிய பெண். கடைக்காரரிடம், காவலரிடம், வாடகை வீட்டு உரிமையாளரிடம், பக்கத்து மேசையில் உணவருந்துபவரிடம் ஒரு நொடி தவறினாலும் இரண்டு உயிர் போய்விடும். நடிப்பது தெரியாமல் நடிக்கும் ஒருத்தியாக நடிப்பதற்கு, உள்ளதை ஒளிக்கத் தெரியாததுபோலத் தோன்றும் முகத்தைவிடப் பொருத்தமானது எது?

ஏற்பாடுகள் வெகுதூரம் சென்றன. செக் நாட்டின் பர்னோ நகரில் படப்பிடிப்புக்கான இடங்கள் பார்க்கப்பட்டன. 1940களின் உடைகளில் யோஹன்னாவை நிறுத்தி எண்ணற்ற புகைப்படங்கள் எடுக்கப்பட்டன: கோட்டு, தொப்பி, உள்ளாடை, காலணி, ஒவ்வொன்றும் பல கோணங்களில். 1993 ஏப்ரலில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் குப்ரிக்கின் அடுத்த படம் இதுவென்று அறிவித்தது. யோஹன்னா மாதக்கணக்கில் காத்திருந்தார். அதே வேளையில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் போலந்தின் கிராகோவில் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் யூதப் பேரழிவைப் பற்றிய படம், அவ்வாண்டின் இறுதியில் வெளியாக இருந்தது. ‘பிளாட்டூன்’ என்ற வியட்நாம் போர்ப் படம் வந்த மறு ஆண்டில் தன் வியட்நாம் படமான ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’டை வெளியிட நேர்ந்த அனுபவம் குப்ரிக்குக்கு ஏற்கெனவே இருந்தது. எடுத்துக்கொண்ட பொருளும் அவரை ஆழ்ந்த சோர்வில் தள்ளியதாக அவர் மனைவி கிறிஸ்டியான் சொல்லியிருக்கிறார். படம் கைவிடப்பட்டது. குப்ரிக் 1999இல் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் குப்ரிக்கின் இழப்பாகவே சொல்கிறார்கள். ஒரு மேதையின் எழுதப்படாத அத்தியாயம் என்று வருந்துகிறார்கள். அவருக்கு அதற்கு முன்னே ஒரு டஜன் படங்கள் இருந்தன, பின்னே இன்னொன்றும் வந்தது. முப்பத்திரண்டு வயதில், தன் கலையின் உச்சத்தில் நின்ற ஒரு நடிகை, தனக்கென்றே அளந்து தைத்த உடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு பெண்ணின் பயத்தையும் துணிவையும் மாதக்கணக்கில் உள்ளே வளர்த்துவிட்டு, அதை எங்கும் இறக்கிவைக்க முடியாமல் நின்றதைப் பற்றி ஏன் யாரும் நின்று பேசுவதில்லை? நடிகருக்குக் கையெழுத்துப் பிரதி கிடையாது. எடுக்கப்படாத படத்தில் இயக்குநரின் திரைக்கதை மிஞ்சும், குறிப்புகள் மிஞ்சும். நடிப்பு மட்டும் மிஞ்சாது.

அவர் நின்றுவிடவில்லை. 1994இல் பெர்னார்ட் ரோஸின் ‘இம்மார்ட்டல் பிலவட்’ படத்தில், இசையமைப்பாளர் பேத்தோவனின் தம்பி மனைவி யோஹன்னாவாக நடித்தார். பேத்தோவன் இறந்த பிறகு கிடைத்த, பெயர் குறிப்பிடாத காதல் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்ற தேடலே கதை. படம் தரும் விடையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் வெறுப்பும் காதலும் ஒரே இழையில் முறுக்கிக்கிடக்கும் அந்தப் பாத்திரத்தை நம்பவைத்தது அவருடைய அடக்கம். தேடிச் செல்லும் செயலாளராக நடித்தவர் யெரூன் கிராபே. ‘பொன் முட்டை’யை எழுதிய டிம் கிராபேயின் தம்பி.

மறு ஆண்டு, பெரு நாட்டில் பிறந்து நெதர்லாந்தில் வாழ்ந்த ஹெடி ஹோனிக்மன் இயக்கிய ‘டொட் சீன்ஸ்’ படத்துக்காக லொகார்னோ விழாவில் நடிப்புக்கான பரிசு பெற்றார். மணமான ஒருவனோடு விட்டுவிட்டுத் தொடரும் ஓர் உறவைப் பற்றிய படம் அது. விடைபெறும் சொல்லே தலைப்பு. 1997இல் புரூஸ் பெரெஸ்ஃபோர்டின் ‘பாரடைஸ் ரோடு’ படத்தில், இரண்டாம் உலகப்போரின்போது சுமத்ராவில் ஜப்பானியர் நடத்திய பெண்கள் முகாமில் அடைபட்ட டச்சுக் கன்னியாஸ்திரீயாக வந்தார். உண்மையில் அம்முகாமில் இருந்த பெண்கள், கருவிகள் இல்லாததால், தங்கள் குரல்களையே கருவிகளாக்கி மேற்கத்திய இசைக்கோவைகளைப் பாடினார்கள். அதன் பிறகு அவர் டச்சுத் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் நாடகத்திலும் தொடர்ந்தார். 2010இல் வந்த ‘டிர்சா’ படத்தில் கணவனை விட்டுப்போய்த் திரும்பி வரும் மனைவியாகச் சில காட்சிகளே வந்தும் வீட்டின் காற்றையே மாற்றிவிடுகிறார்.

இடையில் 2009இல் ஒன்று நடந்தது. குப்ரிக்கின் ஆவணங்கள் அவர் மறைவுக்குப் பின் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. இரட்டைச் சகோதரிகளான ஜேன் வில்சன், லூயிஸ் வில்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர்கள், அங்கிருந்த ‘ஆரியன் பேப்பர்ஸ்’ பெட்டிகளைத் திறந்து, யோஹன்னாவின் அந்த உடைப் புகைப்படங்களைக் கண்டார்கள். அவரையே வரவழைத்து, அதே போன்ற உடைகளில், அதே நிலைகளில் நிற்கச் செய்து ஒரு படம் எடுத்தார்கள். பழைய புகைப்படங்களும் புதிய காட்சிகளும் மாறி மாறி வர, அவருடைய குரல் அந்த நாட்களை நினைவுகூர்கிறது. அதிலிருந்து சில படிமங்களைப் பார்த்திருக்கிறேன். தோள் அப்படியே இருக்கிறது. தலை சாய்வும் அப்படியே. முகத்தில் மட்டும் பதினாறு ஆண்டுகள். தானியா படத்தில் வாழாமல் போனாலும், அந்த உடலுக்குள் வயதாகிக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று தோன்றியது.

பிற்பாடு அவர் தான் பிறந்த ட்வென்டே வட்டாரத்துக்குத் திரும்பி, அந்த மண்ணின் பண்ணைக் குடும்பக் கதையொன்றைப் பெரிய மேடை நிகழ்ச்சியாக உருவாக்கியவர்களுள் ஒருவராக இருந்தார். அதன் பெயர் ‘ஹன்னா வன் ஹெண்ட்ரிக்’. ஹெண்ட்ரிக் வீட்டு ஹன்னா. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஹங்கேரியிலும் பிறர் பெயர்களில் வாழ்ந்துவிட்டு வந்தவர், ஊரில் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொள்ளும் பெயரை எடுத்து மேடைக்குத் தலைப்பாக வைத்தார்.